மறைப்பும் மறதியும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம், எச்.ஐ.வி. என்னும் கிருமியை உடலில் வைத்துக்கொண்டே கிழவர்களாகவும் கிழவிகளாகவும் ஆகியிருக்கிற நமது மக்களைப் பற்றியதாகும். அவர்களுக்கு வயதான காலத்தில் ஏற்படுகிற ஞாபகக் குறைவு, புத்தி மந்தம், உடல் நலிவு ஆகியவைகளைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். நான் வைத்தியம் படித்தவனல்ல. பெரிய பள்ளிக்கூடம் எதிலும் வாசித்தவனுமல்ல. வைத்தியர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், என் புத்திக்கு எட்டியவரை யோசித்தும் தெரிந்து கொண்டதையே சொல்லுகிறேன். ஆகையால் என் பேச்சை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வைத்தியரைக் கேட்டு, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக் கொள்ளுங்கள்.

“இதென்ன வேடிக்கை! எய்ட்ஸ் வந்தவனுக்குக் கிழத்தனம் ஏது? அவன்தான் இரண்டு வருஷத்தில் போய்விடுவானே!” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது 30 வருஷத்துக்கு முந்திய நினைப்பாகும். நம் ஜனங்களில் பலர் இன்னும் அந்த நினைப்பிலேயே இருப்பதால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1981-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து வாலிபர்கள் 5 பேருக்கு வந்த வழக்கத்துக்கு மாறான நிமோனியாவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. 1983-இல் பாரிஸ் பட்டணத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தார் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1986-இல் நமது சென்னையிலேயே டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும், அவரிடம் படித்துக் கொண்டிருந்த டாக்டர் நிர்மலா அம்மையாரும் இரத்தம் எடுத்துச் சோதித்து, அக்கிருமி இந்தியாவுக்கும் வந்துவிட்டது என்பதை முதன்முதலாக வெளிப்படுத்தினார்கள். 1987-இல் ஒரு மருந்து வந்தது. ஒற்றை மருந்துக்குக் கிருமி சீக்கிரத்தில் பழகிக் கொண்டுவிட்டது. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்த பிறகுதான், சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 2004-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, இந்திய சர்க்கார் 8 ஆஸ்பத்திரிகளில் இம்மருந்தை இலவசமாய்க் கொடுக்க ஆரம்பித்தது. அவற்றில் நமது தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. அந்த ஆஸ்பத்திரி 1928-இல் டாக்டர் சவுரிமுத்து என்பவரால் காசநோய்க்காரர்களுக்காக ஏற்படுத்தப்பட்டது. ஒரு காலத்தில் காசநோய் என்று சொல்லவே ஜனங்கள் வெட்கப்பட்ட இடம், பிற்காலத்தில் எச்.ஐ.வி. என்று சொல்ல வெட்கப்பட்டவர்களுக்கும் அடைக்கலமாயிற்று.

இன்று நம் தேசத்தில் 25 லட்சம் பேருக்குக் குறையாமல் இக்கிருமியோடு வாழ்ந்து வருகிறார்கள். 2004-இல் 35 வயதில் மருந்தைத் தொடங்கினவருக்கு இன்று 55 வயது தாண்டிவிட்டது. அவருடைய பிள்ளைகளுக்குக் கலியாணமாகிப் பேரன் பேத்திகளும் பிறந்திருப்பார்கள். அமெரிக்காவிலோ இக்கிருமியுள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் 50 வயதைக் கடந்தவர்கள். “இவர்கள் சாகப் போகிறவர்கள்” என்று உலகம் முடிவு கட்டியது. அவர்களும் அப்படியே நினைத்துக் கொண்டிருந்தார்கள். ஆகையால் இவர்களுடைய முதுமைக்கு யாதொரு ஏற்பாட்டையும் யாரும் செய்து வைக்கவில்லை. சாவுக்குத் தயாராயிருந்தவர்களுக்கு முதுமை வந்து சேர்ந்திருக்கிறது. இதுதான் விஷயம்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லுகிறேன். வயதாவது வேறு, நலிந்து போவது வேறு. 80 வயதில் வயலுக்குப் போகிற கிழவரும் உண்டு. 60 வயதில் வாசற்படி ஏற மாட்டாதவரும் உண்டு. இந்த நலிவை அளப்பதற்கு 2001-இல் அமெரிக்க வைத்தியர்கள் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். தானாகவே எடை குறைந்து போவது. எதைச் செய்தாலும் ஓய்ந்து போவது. நடமாட்டம் குறைந்து போவது. நடை மெதுவாகிப் போவது. கைப்பிடி தளர்ந்து போவது. இவற்றில் மூன்றிருந்தால் நலிவு வந்துவிட்டதென்றும், ஒன்றிரண்டு இருந்தால் வரப் போகிறதென்றும் கணக்கு. இதற்கு ஜாதகமும் கைரேகையும் வேண்டியதில்லை. செம்பைத் தூக்கும்போது கை நடுங்குகிறதா, போன வருஷம் போட்ட இரவிக்கை இவ்வருஷம் தொளதொளக்கிறதா, பஸ் நிறுத்தத்துக்குப் போக முன்னைவிட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தாலே போதும்.

அமெரிக்காவில் 4 பட்டணங்களில் 1984 முதல் ஆயிரக்கணக்கான ஆண்களை வருஷா வருஷம் பரிசோதித்து வந்தார்கள். அந்தக் கணக்கைக் கொண்டு 2007-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். கிருமி தொற்றி நாலு வருஷத்துக்கு மேற்படாத 55 வயதுக்காரர்களிடம் காணப்பட்ட நலிவும், கிருமியில்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காணப்பட்ட நலிவும் ஏறக்குறையச் சமமாயிருந்ததாம். அதாவது பத்து வருஷம் முந்திக் கொண்டு கிழத்தனம் வந்திருக்கிறது. இது நல்ல மருந்துகள் பரவுவதற்கு முந்திய கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிடுகிறவர்களின் நிலைமை இன்று எவ்வளவோ மேல். ஆனாலும் வித்தியாசம் முற்றும் மறைந்து போகவில்லை.

இதற்குக் காரணமென்ன? மருந்தானது இரத்தத்தில் கிருமியைப் பரிசோதனைக்கே அகப்படாதபடி அடக்கி வைத்தாலும், உடம்பின் மூலை முடுக்குகளில் அது கொஞ்சம் பதுங்கியே இருக்கிறது. குடலின் உட்சுவரும் ஆரம்பத்திலேயே கெட்டுப் போயிருப்பதால், குடலில் இருக்க வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் கசிகின்றன. ஆகவே உடம்பின் காவற்படை இரவும் பகலும் ஓயாமல் விழித்துக் கொண்டே இருக்கிறது. இருபது வருஷம் ஒரு நாளும் தூங்காத காவற்காரன் கடைசியில் திருடனை மட்டுமா அடிப்பான்? வீட்டாரையும் அடிப்பான். இரத்தக் குழாய்களும், எலும்பும், தசையும், மூளையும் அந்த அடியை வாங்குகின்றன. இதனோடு பழைய மருந்துகள் செய்த கெடுதி, வந்து போன காசநோய், புகை, மது, வறுமை எல்லாம் சேருகின்றன.

நிற்க, இனி மூளைக்கு வருவோம். இக்கிருமி உடலில் புகுந்த சில வாரங்களுக்குள்ளாகவே மூளைக்கும் போய்விடுகிறது. அங்கே நரம்பணுக்களை அது நேரே பிடிப்பதில்லை. மூளையைக் காக்கிற அணுக்களில் குடியேறி, அவை கக்குகிற விஷத்தால் பக்கத்திலுள்ள நரம்பணுக்கள் வாடிப் போகும்படி செய்கிறது. மருந்தில்லாத காலத்தில் இது முற்றிப் போய், வாலிபர்களே பேச்சு மறந்து, நடை தடுமாறி, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்து மடிந்தார்கள். 1986-இலேயே வைத்தியர்கள் இதை விவரித்து எழுதினார்கள். இன்று மருந்து சாப்பிடுகிறவர்களிடம் அவ்வளவு முற்றின நிலையைக் காண்பது அபூர்வம். ஆனால் லேசான மந்தம் பலரிடம் இருக்கிறது. அது நாம் சாதாரணமாய்ச் சொல்லும் மறதியைப் போன்றதுகூட அல்ல. யோசனை மெதுவாகிறது, இரண்டு காரியத்தை ஒரே சமயத்தில் கவனிக்க முடிவதில்லை, சமைத்துக் கொண்டே பேச முடிவதில்லை, கணக்குப் பார்த்துச் சில்லறை கொடுக்கத் திணறுகிறது, ஒரு வேலையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது பிடிபடுவதில்லை.

எத்தனை பேருக்கு இப்படி வருகிறது? 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் 1,555 பேரைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 52 பேர் பரீட்சையில் குறைவாக வாங்கினார்கள் என்று முடிவு வந்தது. இதைக் கேட்டவுடனே “ஆகா, பாதிப்பேருக்குப் புத்தி போய்விட்டது” என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிவிடலாம். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். 100-க்கு 33 பேருக்குப் பரீட்சையில்தான் குறைவே தவிர, அன்றாட வாழ்க்கையில் யாதொரு கஷ்டமும் இல்லை. 12 பேருக்கு வாழ்க்கையில் கொஞ்சம் சிரமம். முற்றின நிலை 2 பேருக்குத்தான். அப்பரீட்சையின் அளவுகோலே தப்பு, யாதொரு நோயுமில்லாதவர்களில்கூட ஐந்தில் ஒருவர் அதில் தவறிவிடுவார் என்று வேறு வைத்தியர்கள் கண்டித்தார்கள். கடைசியாக 2023-இல் பல தேசத்து வைத்தியர்கள் கூடி, “பரீட்சை மார்க்கு ஒன்றைக் கொண்டு ஒருவருக்கு நோயென்று முடிவு கட்டக்கூடாது, கிருமியால் மூளைக்கு வந்த சேதத்தையும் வேறு காரணங்களால் வந்த குறைவையும் பிரித்துப் பார்க்க வேண்டும்” என்று எழுதினார்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாய்ச் சொல்லுகிறேனென்றால், பகுத்தறிவென்பது பூசாரியை மாத்திரம் கேள்வி கேட்பதற்கல்ல. புள்ளி விவரத்தையும் கேள்வி கேட்க வேண்டும். பேனா பிடித்தறியாத ஓர் அம்மாளின் கையில் பேனாவைக் கொடுத்து, எண்களைக் கோட்டால் சேர்த்துக் காட்டச் சொன்னால் அவர் திணறுவார். அது மூளையின் குற்றமா, அல்லது அவரைப் பள்ளிக்கு அனுப்பாத சமூகத்தின் குற்றமா? இதை உணர்ந்தே 2005-இல் எழுத்தறிவு வேண்டாத ஒரு சிறு பரீட்சையை அமெரிக்காவிலும், ஆப்பிரிக்காவில் உகாண்டாவிலும் செய்து பார்த்தார்கள். நாலு வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஐந்து வினாடி வேகமாய்த் தட்டச் சொல்லுகிறார்கள். பிறகு கையை முஷ்டியாகவும், விரித்தும், ஒருக்களித்தும் மாறி மாறி வைக்கச் சொல்லுகிறார்கள். கடைசியில் அந்த நாலு வார்த்தையையும் திரும்பச் சொல்லச் சொல்லுகிறார்கள். சில நிமிஷ வேலை. இதுவும் முடிவு கட்டுவதற்கல்ல. மேற்கொண்டு பார்க்க வேண்டியவர் யார் என்று தெரிந்து கொள்வதற்குத்தான்.

இனி, இப்படிப்பட்ட மந்தமும் நலிவும் வந்த ஒருவரைப் பார்த்து நம்மவர்கள் சொல்லும் சமாதானங்களைக் கவனியுங்கள். ஒன்று, “செய்த பாவத்துக்கு அனுபவிக்கிறான்” என்பது. இரண்டு, “வயதானால் அப்படித்தான்” என்பது. மூன்று, “அந்த வியாதி வந்தால் அப்படித்தான்” என்பது.

பாவத்தால் வருகிறதென்று சொல்லுகிறவர்களை நான் கேட்கிறேன். தாலி கட்டின புருஷனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் இக்கிருமியைப் பெற்றிருக்கிறார்களே, அவர்கள் செய்த பாவமென்ன? தாய் வயிற்றிலிருந்து பெற்றுக் கொண்டு பிறந்த குழந்தை செய்த பாவமென்ன? ஆஸ்பத்திரியில் ஏற்றின இரத்தத்தால் பெற்றவர் செய்த பாவமென்ன? “போன ஜன்மத்துப் பாவம்” என்பார்கள். அப்படியானால் ஜன்மாந்தரப் பாவத்தின் பலனை மூன்று மருந்து சேர்ந்த ஒரு மாத்திரை எப்படித் தடுத்து நிறுத்தியது? மாத்திரை தடுக்கிறதென்றால் அது கிருமியே ஒழிய, கர்மமல்ல. யார் எந்த விதத்தில் பெற்றிருந்தாலும் வியாதி வியாதிதான். ஒழுக்கத்தை விசாரித்துவிட்டு மருந்து கொடுப்பது வைத்தியமாகாது.

மற்ற இரண்டு சமாதானங்களும் பார்வைக்கு யோக்கியமாயிருந்தாலும், கெடுதியில் முதலாவதற்குக் குறைந்தவையல்ல. ஏனென்றால், “அப்படித்தான்” என்கிற வார்த்தை வந்தவுடனே காரணம் தேடுவது நின்று போகிறது. தோழர்களே! புத்தி மந்தமாவதற்கு மாற்றக்கூடிய காரணங்கள் எத்தனையோ இருக்கின்றன. பி12 என்னும் சத்து குறைந்தால் மந்தம் வரும். ஊசி போட்டால் தெளியலாம். தைராய்டு குறைந்தால் வரும், அதற்கும் மாத்திரையிருக்கிறது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் மூளையின் குழாய்களைக் கெடுக்கும். காது கேளாதவர் பேச்சுக்குப் பதில் சொல்லாவிட்டால் புத்தி கெட்டதென்று வீட்டார் நினைத்துக் கொள்வார்கள். மனச்சோர்வு வந்தவர் எதையும் ஞாபகம் வைத்துக் கொள்ளமாட்டார். சளிக்கென்றும் தூக்கத்துக்கென்றும் மருந்துக் கடையில் வாங்கி விழுங்குகிற சில மாத்திரைகளே வயதானவர்களைக் குழப்பிவிடும். பழைய மேகநோய் மூளைக்குப் போயிருக்கலாம். அபூர்வமாக, இரத்தத்தில் அடங்கிய கிருமி மூளை நீரில் மாத்திரம் தலையெடுப்பதுமுண்டு. அதைக் கண்டுபிடித்து மருந்தை மாற்ற வழியிருக்கிறது. “அப்படித்தான்” என்று சொல்லி இவற்றில் ஒன்றையாவது பாராமல் விட்டோமானால், கர்மத்தின் பெயரை மாற்றி வைத்துக்கொண்டோம் என்பதைத் தவிர வேறென்ன?

பொதுவாக ஜனங்களுக்கு வரும் முதுமை மறதியைப் பற்றி 2024-இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையின் குழுவினர், மாற்றக்கூடிய 14 காரணங்களை எடுத்துக்காட்டி, அவற்றையெல்லாம் ஒழித்தால் 100-க்கு 45 பங்கு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ இடமுண்டு என்றார்கள். அந்தப் பதினாலில் ஒன்று என்ன தெரியுமா? தனிமை. ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கு ஒதுக்கலே ஒரு வியாதிக் காரணமாகிறது.

தோழர்களே! இப்பொழுது நான் முக்கியமாய்ச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு வீட்டை மனதில் வைத்துக் கொண்டு யோசித்துப் பாருங்கள். 60 வயதான ஓர் அம்மாள். புருஷன் இறந்து இருபது வருஷமாயிற்று. எதனால் இறந்தாரென்பது இவருக்கு மாத்திரம் தெரியும். தனக்கும் அது இருக்கிறதென்பதும் இவருக்கு மாத்திரம் தெரியும். “தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஜில்லா ஆஸ்பத்திரியின் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் மருந்து வாங்கி வருகிறார். டப்பாவின் மேலிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிட்டு, மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டி, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். எல்லோரும் தூங்கின பிறகு எடுத்து விழுங்குகிறார். மகனுக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியாது. இப்படியே இருபது வருஷம் தம் உயிரைத் தாமே காப்பாற்றிக் கொண்டு, மகனையும் படிக்க வைத்து ஆளாக்கிவிட்டார். இதைவிடப் பெரிய வீரத்தை எந்தப் புராணத்தில் காட்ட முடியும்?

இப்பொழுது அவருக்கு மறதி வருகிறது. மாத்திரை போட்டோமா இல்லையா என்பது ஞாபகமில்லை. ஒரு நாள் இரண்டு போடுகிறார். நாலு நாள் ஒன்றும் போடுவதில்லை. மையத்துக்குப் போக வேண்டிய தேதி தப்பிப் போகிறது. ஆறு மாதத்தில் மெலிந்து போகிறார். “அத்தைக்கு வயசாச்சு” என்கிறாள் மருமகள். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?” என்று வைத்தியர் கேட்கிறார். “ஒன்றுமில்லை ஐயா” என்று மகன் சத்தியம் செய்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாத்திரை அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. அது இருக்கிற இடம் தெரிந்த ஒரே ஒரு ஆளுக்கு இன்று தேதியே தெரியவில்லை.

இம்மாதிரி மருந்து நின்றால் என்னவாகும்? 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், பல தேசங்களில் 5,472 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மருந்தை விடாமலும், மற்றவர்களுக்கு விட்டுவிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களில் பெரிய வியாதியோ சாவோ வந்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேலாயிருந்ததால், அந்த ஆராய்ச்சியையே நடுவில் நிறுத்தி வைத்தார்கள். அன்றியும் கிருமி மறுபடி பெருகினால் மூளையும் மறுபடி கெடும். மறதியால் மாத்திரை தப்புகிறது; மாத்திரை தப்பினால் மறதி வளர்கிறது. ரகசியம் அவரை ஒரு காலத்தில் காப்பாற்றியது வாஸ்தவம். ரகசியத்தைக் காப்பதற்கு ஞாபகம் வேண்டுமே! அந்த ஞாபகம் போன பிறகு, காப்பாற்றிய ரகசியமே கொல்ல வருகிறது.

இந்த அம்மாள் ஏன் மறைத்தார் என்று கேட்டால், பதில் நம்மிடம்தான் இருக்கிறது. சொல்லியிருந்தால் தட்டைத் தனியாக வைத்திருப்போம். பேரனைத் தொடவிட்டிருக்க மாட்டோம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்போம். நாம் கட்டின அரிசிப் பானையில்தான் அவர் மாத்திரையை ஒளித்து வைத்தார். எந்த ஜாதியார் தொட்டால் தீட்டு என்று கணக்கு வைத்திருந்த தேசத்தில், புதிதாக ஒரு வியாதி வந்தவுடன் அதற்கும் ஒரு தீட்டை உண்டாக்கிக் கொள்ள நமக்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

உண்மை என்ன? தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே கிணற்றில் குளிப்பதாலோ, கொசு கடிப்பதாலோ இக்கிருமி பரவுவதில்லை. அது மாத்திரமல்ல. ஐரோப்பாவில், ஒருவருக்குக் கிருமியிருந்து மற்றவருக்கில்லாத ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜோடிகளை வருஷக்கணக்கில் கவனித்து, 2016-லும் 2019-லும் முடிவை வெளியிட்டார்கள். மருந்தால் கிருமி அடங்கியிருந்த துணையிடமிருந்து, உறையில்லாத சேர்க்கையால்கூட ஒருவருக்கும் தொற்றவில்லை. கூடி வாழ்கிறவருக்கே தொற்றாதபோது, பேரனுக்குச் சோறூட்டுவதால் தொற்றிவிடுமா? சட்டமும் இன்று அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. 2017-இல் இயற்றி 2018-ஆம் வருஷம் செப்டம்பரில் அமுலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதும், அதற்காக வேலையிலோ, ஆஸ்பத்திரியிலோ, வாடகை வீட்டிலோ வித்தியாசம் காட்டுவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன.

இனிச் செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம். கிருமியோடு வாழ்கிற வயதானவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கலாம். யாரென்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவும் கூடாது. அவர்களுக்கு நான் வணக்கமாய்ச் சொல்லிக் கொள்வது இது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. புத்தி தெளிவாயிருக்கும்போதே, நம்பத் தகுந்த ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லி வையுங்கள். மகளோ, சகோதரியோ, சிநேகிதரோ யாராயிருந்தாலும் சரி. வீட்டில் யாரும் இல்லையென்றால் ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரையே கலந்து முடிவு செய்யுங்கள். மாத்திரையின் பெயரையும், மையத்தின் விலாசத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறையுள்ள மாத்திரைப் பெட்டி வாங்கி வைத்தால், போட்டோமா இல்லையா என்பதைப் பெட்டியே சொல்லும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் இந்த மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதற்கு முன் மையத்தில் கேளுங்கள். இன்று கொடுக்கப்படும் டோலுடெகிராவிர் என்னும் மருந்தின் வேலையை அவை குறைத்துவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் அளவைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

நலிவுக்கு மருந்துக் கடையில் டானிக் தேட வேண்டியதில்லை. தினம் நடப்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழுந்து உட்காருவதும், பருப்பு, முட்டை, நிலக்கடலை, மீன் இவற்றில் கிடைத்ததைச் சாப்பிடுவதும் தசைக்குப் பலம். புகையை விடுங்கள். இரத்தக் கொதிப்பை அளந்து பாருங்கள். 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தியா உள்ளிட்ட 12 தேசங்களில் 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 கிருமியுள்ளவர்களைச் சோதித்தார்கள். பிடாவஸ்டாடின் என்கிற கொழுப்புக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 100-க்கு 35 பங்கு குறைந்தன. இது தங்களுக்கு ஏற்றதா என்று வைத்தியரைக் கேட்பதற்கு யாருக்கும் உரிமையுண்டு.

சர்க்காருக்கும் வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. மாத்திரை கொடுத்து, கிருமிக் கணக்கை எடுத்துப் பார்த்து, “அடங்கியிருக்கிறது, போய் வாருங்கள்” என்பது 30 வயதுக்காரருக்குப் போதும். 60 வயதுக்காரரை எழுந்து நாலடி நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கையைப் பிடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். “வீட்டில் வேலை எப்படி நடக்கிறது, பணங்காசு விஷயத்தில் தடுமாற்றம் உண்டா?” என்று கேட்க வேண்டும். 2004-இல் சி.டி.4 என்னும் காவல் அணுக்கள் 200-க்குக் கீழே போனவர்களுக்கே முதலில் மருந்து கிடைத்தது. எல்லோருக்கும் உடனே கொடுப்பதென்று நம் தேசத்தில் ஏற்பட்டது 2017-இல்தான். அவ்வளவு கீழே இறங்கிப் பிழைத்தவர்களுக்குத்தான் மூளைக் குறைவு வர அதிக இடமிருக்கிறது. ஆகவே ஆரம்பக் காலத்துக்காரர்களை முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதியோர் இல்லங்களின் கதவும் இவர்களுக்கு மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே திறந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கிருமியில்லாத நமக்கெல்லாம் ஒரு வேலையிருக்கிறது. அது காசு செலவில்லாத வேலை. இன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது, வீட்டிலுள்ள பெரியவர்கள் காதில் விழும்படியாக ஒன்று சொல்லுங்கள். “இந்த வீட்டில் யாருக்கு எந்த வியாதியிருந்தாலும் பயமில்லாமல் சொல்லலாம், சொன்னவரை ஒதுக்கமாட்டோம்” என்று சொல்லுங்கள். யாரையும் குறிப்பிட வேண்டாம். யாரையும் துருவிக் கேட்கவும் வேண்டாம். அந்த வார்த்தைக்காக இருபது வருஷமாய்க் காத்திருப்பவர் ஒருவேளை உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருக்கலாம். சொன்னதோடு நில்லாமல், சொன்னபடி நடக்கவும் வேண்டும்.